அம்மாவுக்குக் கிடைக்காத சொல்

என் அம்மா பேக்கரியில் கேக் சுடுகிறவள். பதினாலு வருஷமாக. அவளுடைய வலது கையில், முழங்கைக்குக் கீழே, சூடுபட்ட கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி வரிசையாக இருக்கும். எல்லாம் ஓவன் கதவின் விளிம்பு போட்டவை. அந்தக் கோடுகளை எண்ணித்தான் நான் எண் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல ஆசை. ஆனால் நான் எண் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவே இல்லை.

அம்மாவுக்கு உலகத்தில் பிடிக்காதவை இரண்டு. ஒன்று வேகாத கேக். இன்னொன்று புதுசு.

முதலில் வேகாத கேக். அம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒரு கேக் சுட்டாள். மேலே பார்த்தால் பொன் நிறம், தட்டினால் சத்தம், எல்லாம் சரி. அங்கே போய் வெட்டினால் நடுவிலிருந்து மாவு வழிந்திருக்கிறது. குழந்தையின் அப்பா அதை அப்படியே தட்டோடு தூக்கிவந்து கடை மேசைமேல் வைத்தார். திட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஸ்பூன் இன்னும் அம்மாவின் தொண்டையில் சிக்கிக்கொண்டு இருக்கிறது.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரு பழக்கம். கேக் வெந்ததா என்று பார்க்கக் கத்தியை நடுவில் செருகி எடுப்பார்கள். கத்தி சுத்தமாக வந்தால் மற்றவர்கள் டின்னை வெளியே எடுப்பார்கள். அம்மா கதவை மூடுவாள். இன்னும் அஞ்சு நிமிஷம்.

“கத்தி சொல்லிடுச்சும்மா” என்பேன்.

“மனசு சொல்லலியே.”

அதற்குப் பிறகு இந்தப் பதினாலு வருஷத்தில் அம்மாவின் கேக் ஒன்றுகூட வேகாமல் திரும்பி வந்ததில்லை. தண்ணீர் குடிக்காமல் யாரும் அதை முழுசாகத் தின்றதும் இல்லை. இரண்டாவதை வீட்டில் யாரும் சொல்ல மாட்டோம்.

இனி புதுசு. புதுசு என்பது ஒரு ஆள். ஒரு வருஷத்துக்கு முன்னால் மதிய வேலைக்குச் சேர்ந்தவள். காலையில் அம்மா சுடுவாள், மதியத்துக்கு மேல் அதே ஓவனில் அவள் சுடுவாள், அம்மா பக்கத்து மேசையில் தன் கேக்குகளுக்கு க்ரீம் போடுவாள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. அம்மாவின் வாயில் அது நுழையாது.

“ஒரு வருஷம் ஆச்சேம்மா. இன்னும் என்ன புதுசு?”

“பழசாகட்டும். அப்புறம் பேர் சொல்லிக் கூப்பிடுறேன்.”

அப்பா லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு நாள் சாலையில்தான் இருப்பார். அம்மா போனில் அவரிடம் புதுசைப் பற்றி இருபது நிமிஷம் கொட்டுவாள். அவள் சிரிக்கிற விதம், அவள் பேசுகிற விதம், ஏப்ரன் முடிச்சைக்கூடப் பூ மாதிரி போடுகிறாளாம், ஓவனுக்குக் கண் இருக்கா என்ன. அப்பா “ம்” போட்டுக்கொண்டே வந்து, கடைசியில், “யாரு புதுசு?” என்று கேட்பார். அன்றைக்கு அவர் சாலையிலேயே இருப்பது உடம்புக்கு நல்லது.

ஆனால் சிரிப்பும் முடிச்சும் சும்மா மேல்பூச்சு. விஷயம் வேறு. அது சீட்டில் இருந்தது.

அந்தக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி, அதோடு நூலில் கட்டிய ஒரு பென்சில். கேக் வாங்கியவர்கள் அடுத்த தடவை வரும்போது, எப்படி இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். டப்பாவின் மூடியில் யார் சுட்டது என்பதற்கு ஒரு எண் குத்தியிருக்கும். அம்மா ஒன்று, புதுசு இரண்டு. சனிக்கிழமை காலை எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து முதலாளி சீட்டுகளைச் செய்தி வாசிக்கிற மாதிரி வாசிப்பார்.

அம்மாவுக்கு வருகிற சீட்டுகள் எல்லாம் ஒரே ரகம். ‘பேர் எழுதினது ரொம்ப அழகு.’ ‘எழுத்து முத்து முத்தாக இருந்தது.’ கேக்மேல் க்ரீமால் எழுதுவதில் அம்மாவை அடிக்க ஆள் இல்லை. ஆனால் சாப்பிட்ட கேக்கைப் பற்றிக் கேட்டால் எழுத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். பொண்ணு எப்படி என்று கேட்டதற்குப் புடவை நல்லா இருக்கு என்கிற மாதிரி.

புதுசுக்கு வருகிற சீட்டில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கும். மாய்ஸ்ட். ‘ரொம்ப மாய்ஸ்ட்.’ ‘இவ்வளவு மாய்ஸ்ட்டாக நான் சாப்பிட்டதே இல்லை.’ வாரத்துக்கு இரண்டு, மூன்று. முதலாளி அந்த வார்த்தை வரும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்வாராம், ஏதோ மந்திரம் மாதிரி.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா பையைக்கூட இறக்காமல் என்னிடம் வந்து நின்றாள். நான் இங்கிலீஷில் இரண்டு தடவை பெயிலாகி மூன்றாவது தடவைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்றால் புத்தகம் திறந்திருந்தது.

“மாய்ஸ்ட்னா என்னடி?”

“ஈரம்.”

அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “ஈரமா? அப்ப வேகலைன்னு திட்டுறாங்களா?”

அப்படியே விட்டிருக்கலாம். அவள் ஒரு வாரமாவது சந்தோஷமாக இருந்திருப்பாள். ஆனால் எனக்கு அப்போது பெரிய படிப்பாளி என்று நினைப்பு. போனை எடுத்துத் தேடினேன். “இரு இரு. லேசான ஈரம். இதமான ஈரம். கேக்குக்குச் சொன்னா பாராட்டாம்.”

“இதமா? யாருக்கு?”

“சாப்பிடுறவங்களுக்கு. சாக்ஸ் காயலைன்னா இந்த வார்த்தை போட மாட்டாங்களாம். அதுக்கு டேம்ப்னு தனியா ஒண்ணு வெச்சிருக்காங்க. சுவர்ல ஓதம் அடிச்சாலும் டேம்ப். கேக்குன்னா மாய்ஸ்ட்.”

அம்மா பையை இறக்கினாள். “ரெண்டும் அதே தண்ணிதானே? நான் துவைச்ச துணி காயாட்டி ஊரே மூக்கைச் சுளிக்குது. பிஸ்கட்ல ஈரம் ஏறினா நமுத்துப் போச்சுன்னு தூக்கிப் போடுறாங்க. இவ கேக் காயாட்டி மட்டும் பாராட்டா?”

“இங்கிலீஷ்காரன் அப்படித்தாம்மா.”

“அவன் கிடக்கான். இவளுக்கு எப்படி வருது அது?”

கேள்வி அதுதான். அடுத்த நாள் அம்மா தன் சாப்பாட்டு டப்பாவுக்குள் டிஷ்யூ பேப்பரில் சுற்றி ஒரு துண்டு கேக்கைக் கடத்திக்கொண்டு வந்தாள். புதுசு சுட்டது. அதைத் தட்டில் வைத்து விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தாள், திருட்டு நகையைச் சோதிக்கிற போலீஸ் மாதிரி. விரலால் அமுக்கினாள். அது அமுங்கி, அவசரமில்லாமல் எழுந்துகொண்டது.

“தின்னு” என்றாள்.

தின்றேன். பல்லுக்கு வேலையே இல்லை. நாக்கில் வைத்ததும் அது பாட்டுக்குப் போய்விட்டது. தண்ணீர்ச் செம்பைத் தேடவேண்டும் என்று கைக்குத் தோன்றவே இல்லை.

“எப்படி?”

“சுமார்தான்.”

அம்மா என்னைப் பார்த்தாள். மீதித் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கேக் சாப்பிடாத அம்மா. கண்ணை மூடி மென்றாள். பிறகு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவிய பாத்திரத்தை எல்லாம் மறுபடியும் கழுவினாள். தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அம்மா என்னென்னவோ செய்து பார்த்தாள். பாலைக் கூட்டினாள். எண்ணெய் சேர்த்தாள். சூடாக இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் தெளித்தாள். எதைச் சேர்த்தாலும் அந்தக் கடைசி அஞ்சு நிமிஷம் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டுவிடும். அதை மட்டும் அவளால் குறைக்க முடியவில்லை. கத்தி சுத்தமாக வந்ததும் கை தானாகக் கதவை மூடிவிடுகிறது என்றாள். சீட்டில் மறுபடியும் எழுத்து அழகு, எழுத்து அழகு.

அப்போதுதான் முதலாளி அறிவித்தார். கேக்குக்கு இனி ஒரு ஆள் போதும். இன்னொருவர் பாக்கிங் மேசைக்குப் போகவேண்டும். பிஸ்கட்டை எண்ணி உறையில் போட்டு ஒட்டுகிற வேலை. “நான் யாருக்கும் பாரபட்சம் பாக்க மாட்டேன். மாசக் கடைசி சனிக்கிழமை வாசிக்கிற சீட்டுல, கேக்கைப் பத்தி யாருக்கு அதிகம் வருதோ, அவங்களுக்கு ஓவன்.”

அன்று அம்மா வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவவில்லை. உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பாத்திரச் சத்தமே தேவலை என்று ஆகிவிட்டது.

ஆகையால் நான் எழுதினேன்.

சீட்டு கிடைப்பது சுலபம், பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள். அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனபோது ஒரு கொத்தை அள்ளிக்கொண்டேன். வீட்டில் உட்கார்ந்து ஆறு சீட்டு எழுதினேன். ஒன்று வலது கையில், ஒன்று இடது கையில், ஒன்று சாய்த்து, ஒன்று கொட்டை எழுத்தில். எல்லாவற்றிலும் எண் ஒன்று, அந்த ஒரு வார்த்தை மட்டும் இங்கிலீஷ் எழுத்தில். இங்கிலீஷில் என் உழைப்பை அதற்குமுன் இவ்வளவு யாரும் பார்த்ததில்லை, பரீட்சைத் தாள் உட்பட. அந்த வார்த்தை பாராட்டு என்பது தெரிந்தாகிவிட்டது. பிறகென்ன, கேக்கை மட்டும் பாராட்டினால் போதுமா? கை தாராளமாகப் போனது.

கடைசி சனிக்கிழமை அம்மா மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனாள். மறந்தாள் என்றால், நான் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதைக் கொடுக்கிற சாக்கில் கடைக்குப் போய்ப் பின்கதவு ஓரமாக நின்றேன். வரிசையில் அம்மா, புதுசு, கல்லாவில் நிற்கிற அக்கா, பிரெட் போடுகிற இரண்டு பேர்.

முதலில் புதுசின் சீட்டுகள். இரண்டு. இரண்டும் கேக்கைப் பற்றி. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி அடுத்த சீட்டை எடுத்தார். “எண் ஒன்று. கேக் ரொம்ப மாய்ஸ்ட்.”

அம்மா நிமிர்ந்தாள்.

“எண் ஒன்று. மாய்ஸ்ட் கேக். மனம் நிறைந்தது. எண் ஒன்று. எங்கள் வீட்டில் எல்லாரும் மாய்ஸ்ட் மாய்ஸ்ட் என்றார்கள்.”

அந்த மூன்று சீட்டுகளின்போது என் அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏப்ரனை இழுத்துச் சரிசெய்தாள். தலையைக் கோதினாள். பக்கத்தில் நின்ற புதுசை ஓரக்கண்ணால் ஒரு பார்வை, கேட்டியா என்று.

முதலாளி நாலாவது சீட்டை எடுத்தார். வாசிக்காமல் ஒரு தடவை பார்த்தார். “எண் ஒன்று. கேக் மாய்ஸ்ட். டப்பாவும் மாய்ஸ்ட்.” நெற்றி சுருங்கியது. அடுத்தது. “எண் ஒன்று. உங்கள் கடை முழுவதும் மாய்ஸ்ட். எப்போதும் இப்படியே இருக்கவும்.” அடுத்தது. “எண் ஒன்று. கேக் கொடுத்த அக்கா மிகவும் மாய்ஸ்ட். நன்றி.”

கல்லா அக்கா தன் கைமடிப்பை முகர்ந்து பார்த்தாள். “சார், நான் தினமும் குளிச்சிட்டுத்தான் வர்றேன்.”

“டப்பா ஈரமா இருக்குன்னு எழுதியிருக்காங்களே! ஸ்டோர் ரூம்ல ஒழுகுதா? டப்பா ஈரம்னா மாவு மூட்டை என்ன ஆகியிருக்கும்?”

முதலாளி ஓடினார். எல்லாரும் பின்னால் ஓடினார்கள். அறுநூறு அட்டை டப்பாக்களைக் கூரைவரை அடுக்கியிருந்தார்கள். அத்தனையையும் இறக்கினார்கள். ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார்கள். மாவு மூட்டைகளை உருட்டினார்கள். சுவரைத் தட்டினார்கள். பாலைவனம் மாதிரி எல்லாம் காய்ந்து கிடந்தது.

மாவு அப்பிய முகத்தோடு கல்லா அக்காதான் கேட்டாள். “சார், நம்ம பெட்டியில பென்சில்தானே கட்டியிருக்கோம்? இந்த ஆறும் நீலப் பேனாவுல இருக்கு. ஆறும் எண் ஒண்ணுக்கு.”

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா ஒரு சீட்டைக் கையில் வாங்கி, தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். அதிலிருந்த இங்கிலீஷ் வார்த்தையை அவளுக்கு வாசிக்க வராது. ஆனால் என் எழுத்தின் வால் வளைவது அவளுக்குத் தெரியும். கதவருகே நின்ற என்னை ஒரு நொடி பார்த்தாள்.

“நான்தான் எழுதினேன்” என்றாள்.

“உங்களுக்கு இங்கிலீஷ் எழுத வராதே?” என்றார் முதலாளி.

“கத்துக்கிட்டேன்.”

பதினாலு வருஷமாக ஒரு ஸ்பூனை மறக்காத ஆள், ஆறு பேருக்கு முன்னால் கள்ளி ஆகி நிற்கிறாள். என் குறும்பு எல்லாம் எங்கே போனதோ, எனக்கே தெரியவில்லை.

“அம்மா இல்ல சார். நான்தான் எழுதினேன்” என்றேன்.

“உங்க பொண்ணா?” முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். “கேக் கொடுத்த அக்கா மாய்ஸ்ட்னா என்னம்மா அர்த்தம்?”

“நல்லவங்கன்னு அர்த்தம் சார். ஈர நெஞ்சு.”

பிரெட் போடுகிறவர்கள் மாவு மூட்டைமேல் விழுந்து சிரித்தார்கள். கல்லா அக்கா கோபத்தை மறந்து சிரித்தாள். முதலாளிகூட வாயைத் துடைக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டார். அம்மாவும் புதுசும் மட்டும் சிரிக்கவில்லை.

ஆனால் கணக்கு கணக்குதான். ஆறும் போனால் அம்மாவுக்குக் கேக்கைப் பற்றி ஒன்றும் இல்லை. ஓவன் புதுசுக்கு. திங்கள்கிழமையிலிருந்து அம்மா பாக்கிங் மேசைக்கு. எனக்குத் தண்டனை, அறுநூறு டப்பாக்களையும் திரும்ப அடுக்குவது.

“சார்” என்றாள் புதுசு. “கேக்மேல பேர் எழுத அக்கா வேணும். என் எழுத்து கரப்பான்பூச்சி மையில விழுந்து நடந்த மாதிரி இருக்கும். நான் சுடுறேன், அக்கா எழுதட்டும்.”

முதலாளி யோசித்தார். சரி என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மா வெடித்தாள். “எனக்கு அவ பரிஞ்சு பேசணுமா? பிச்சை போடுறா! பாக்கிங்ல நின்னிருந்தா அவ மூஞ்சியையாவது பாக்காம இருந்திருப்பேன்.” என்னை அடிப்பாள் என்று சுவரோரம் நின்றிருந்தேன். அவள் அடிக்கவில்லை. தட்டில் சோறு போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

“மூணோட நிறுத்தியிருக்கக் கூடாதாடி?”

திங்கள்கிழமை நான் டப்பா அடுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டோர் ரூம் கதவுவழியாக ஓவன் தெரியும். புதுசு இரண்டு டின்னை உள்ளே வைத்துவிட்டுக் கதவை மூடினாள். அம்மா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, க்ரீம் பையின் நுனியை வெட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா திரும்பாமலே சொன்னாள்.

“பின்னாடி இடது மூலை சூடு ஜாஸ்தி. பாதி நேரத்துல டின்னைத் திருப்பி வை.”

புதுசு அப்படியே நின்றாள். “தினமும் ஒரு ஓரம் கருகி, வெட்டி எறிஞ்சிட்டு இருக்கேன். ஒரு வருஷமா. மாவுலதான் தப்புன்னு நெனச்சேன். உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

அம்மா க்ரீம் பையைக் கீழே வைத்தாள். “பொறாமை” என்றாள். “நீ சேர்ந்த மூணாம் நாள்லேருந்து. நீ கருகினதை வெட்டுறப்ப எல்லாம் பாத்துட்டு இருப்பேன். நல்லா இருக்கும்.”

கையில் இருந்த டப்பாவை நான் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். என் அம்மா இப்படி ஒரு வார்த்தையை ஒரு ஆளின் முகத்துக்கு நேராகச் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கே இந்த மூலை விஷயம் தெரியாது. வருஷம் முழுக்க யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

புதுசு சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. “இப்ப சொன்னது நிஜ மூலைதானே? வேற மூலையை மாத்திச் சொல்லலியே?”

“நம்பலேன்னா கையை வெச்சுப் பாரு.”

“வேணாம். உங்க கையில இருக்கிற சூட்டுக்கோட்டைப் பாத்தாலே போதும்” என்று சொல்லிவிட்டு, நேரம் வந்ததும் துணியைப் பிடித்து இரண்டு டின்னையும் திருப்பி வைத்தாள். பிறகு கத்தியை எடுத்துச் செருகினாள். வெளியே எடுத்தபோது நுனியில் இரண்டு ஈரத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் டின்னை இழுத்து வெளியே வைத்துவிட்டாள். அம்மாவின் கை ஓவன் கதவுப் பக்கம் ஒரு சாண் போனது. பிறகு அதை அவளே பிடித்து ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

கேக் ஆறியது. நாலு பக்கமும் ஒரே நிறம். கத்தி வைத்து வெட்டி எறிய ஒரு ஓரம்கூட இல்லை. புதுசு அதைப் பலகையில் வைத்து அம்மாவின் மேசைக்குத் தள்ளினாள். அம்மா குனிந்து, நான் அடுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன் என்று தெரியாமல், அந்த ஓரத்தைச் சுண்டுவிரலால் மெதுவாக அமுக்கிப் பார்த்தாள். அமுங்கி எழுந்தது.

“சனியன்” என்றாள், வாய்க்குள்ளேயே. “இப்ப இன்னும் நல்லா வருது.”

பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யாரோ ஒரு குழந்தையின் பெயரை அதன்மேல் எழுத ஆரம்பித்தாள்.